என் மச்சான் மாற்றிக் கொடுத்த ராட்செட்

என் மனைவியின் அண்ணன் ஜாலான் புசார் பக்கத்துச் சந்து ஒன்றில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறார். தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம். குறுகலான கடை. வாசலில் பிளாஸ்டிக் வாளிகளில் நட்டும் போல்ட்டும் குவிந்திருக்கும். உள்ளே சுவர் முழுக்க ஸ்பானர்கள் தொங்கும். நான் கிராஞ்சியில் சின்னதாக ஒரு லாரி ஒர்க்ஷாப் நடத்திவந்தேன். கல்யாணமான புதிதிலிருந்தே எனக்கு வேண்டிய சாமான்களை அவரிடம்தான் வாங்கினேன். சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் இல்லை. அவருக்குச் சாமான் தெரியும். ஒரு ஸ்பானரைக் கையில் வாங்கி லேசாகத் தூக்கிப் பார்த்தே, இது தேறும், இது தேறாது என்று சொல்லிவிடுவார். அவர் எனக்குச் செய்ததை நினைக்கும்போதெல்லாம், அவருக்குச் சாமான் தெரியாமல் இருந்திருந்தால் மன்னித்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

என்னிடம் இருந்த ஸ்பானர்கள், சாக்கெட்டுகள், ராட்செட் எல்லாம் ஒரே ஐரோப்பியப் பிராண்ட். பெயர் வேண்டாம். இன்னொருவர் ஒர்க்ஷாப்பில் சம்பளத்துக்கு இருந்த காலத்தில், மாதம் ஒன்றாகவோ இரண்டாகவோ வாங்கிச் சேர்த்தவை. அப்போது அந்தப் பிராண்டின் சாமான்களை அவர்கள் நாட்டிலேயே செய்தார்கள். பார்க்க அழகாக இருக்காது. பளபளப்பு கிடையாது, மங்கலான சாம்பல் நிறம். ஆனால் ஸ்பானரை நட்டில் மாட்டினால் ஆடாது. எவ்வளவு பலம் கொடுத்தாலும் வாய் விரியாது. ராட்செட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராட்செட் என்பது சாக்கெட்டை மாட்டி நட்டை முடுக்குகிற கைப்பிடி. ஒரு பக்கம் திருப்பினால் பிடிக்கும், மறுபக்கம் திருப்பினால் கிர்ரென்று சும்மா சுழலும். உள்ளே ஒரு பல்சக்கரம். அதைப் பிடித்து நிறுத்த ஒரு சின்ன இரும்புத் துண்டு. அந்தச் சின்னத் துண்டை நம்பித்தான் மெக்கானிக் தன் உடம்பு பாரம் முழுவதையும் கைப்பிடியில் போடுகிறான். துண்டு பிடி விட்டால் கை எங்கே போய் மோதும் என்று சொல்ல முடியாது.

என் பழைய ராட்செட் ஒருநாளும் பிடி விட்டதில்லை. செய்யக்கூடாததையெல்லாம் அதை வைத்துச் செய்திருக்கிறேன். கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கியிருக்கிறேன். சுத்தியலுக்குப் பதிலாகவும் அடித்திருக்கிறேன். தாங்கிக்கொண்டது.

பழசெல்லாம் நல்லது என்று சொல்கிற ஆள் நான் இல்லை. பழைய சாமானிலும் குப்பை நிறைய உண்டு. சுங்கை ரோட்டில் பழைய சாமான் சந்தை இருந்தபோது, பழைய இங்கிலாந்து ஸ்பானர் என்று ஆசையாக வாங்கி, முதல் போல்ட்டிலேயே விரிசல் விட்டுத் தூக்கிப் போட்டிருக்கிறேன். என் ராட்செட்டிலும் குறை உண்டு. பற்கள் பெரியவை என்பதால் இடுக்கான இடத்தில் திருப்ப இடம் போதாது. இஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கையை விட்டுக்கொண்டு, ஒரு பல் தள்ள முடியாமல் பலமுறை அதைத் திட்டியிருக்கிறேன்.

அந்தக் குறையைத்தான் மச்சான் பிடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மார்சிலிங் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். கூடவே ஒரு பெட்டி. திறந்து மேசைமேல் வைத்தார். அதே பிராண்ட், அதே எழுத்து, அதே சின்னம். உள்ளே எல்லாம் கண்ணாடி போல மின்னியது. ராட்செட்டை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"திருப்பிப் பாருங்க மாப்ள. பல்லு எவ்வளவு பொடிசா இருக்கு பாருங்க. துளி இடம் இருந்தா போதும், திருப்பிடலாம்."

திருப்பினேன். உண்மையில் நன்றாக இருந்தது. சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"கம்பெனி ஒரு ஸ்கீம் போட்டிருக்கு. பழசைக் கொடுத்தா புதுசுல பாதி விலை கழிச்சுக்குவாங்க. லைஃப்டைம் வாரண்டி. உடைஞ்சா கேள்வி கேக்காம மாத்திக் கொடுப்பாங்க. நான் இப்பதான் டீலரா எடுத்திருக்கேன். நாலு பேரு மாத்தினா எனக்கும் ஒரு பேரு கிடைக்கும்."

"எங்க செய்யறாங்க இதை?" என்று கேட்டேன்.

"அதே கம்பெனிதான் லா."

பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். ஐரோப்பாவில் வடிவமைத்தது என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எங்கே செய்தது என்று எங்கும் இல்லை. அதைக் காட்டினேன்.

"இப்பல்லாம் அப்படித்தான் போடுவாங்க. இரும்பு அதே இரும்புதான். நான் சொல்றேன்ல," என்றார்.

அவர் சொல்கிறார். அவருக்குச் சாமான் தெரியும். என் மனைவியும் சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "அண்ணன் இவ்வளவு தூரம் கேக்குறாரு, மாத்திக்குங்களேன். அந்தப் பழசெல்லாம் துருப்பிடிச்சுத்தானே கிடக்கு," என்றாள். துருப் பிடிக்கவில்லை. அதன் நிறமே அப்படி. அதை அவளுக்கு விளக்கிக்கொண்டு இருக்க எனக்குத் தோன்றவில்லை. அடுத்த வாரம் மச்சான் வேனைக் கொண்டுவந்து, என் பழைய சாமான்களை இரண்டு இரும்புப் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு போனார். கம்பெனி அவற்றை உருக்கிவிடும் என்று சொன்னார்.

புதுச் சாமான்களின் லட்சணம் தெரிய ரொம்ப நாள் ஆகவில்லை. முதலில் சாக்கெட்டுகளின் மேல்பூச்சு உரிந்தது. மெல்லிய தகடு போல உரிந்து, அதன் ஓரம் விரலை அறுத்தது. அப்புறம் ரிங் ஸ்பானர்கள். பழைய ஸ்பானரை நட்டில் மாட்டும்போது லேசாக அழுத்தித்தான் மாட்ட வேண்டும். அவ்வளவு கச்சிதம். புதியது தானாகவே விழுந்து உட்காரும், உட்கார்ந்து ஆடும். ஆடுகிற ஸ்பானரில் பலம் கொடுத்தால் நட்டின் மூலைகள் மழுங்கிவிடும். மழுங்கின நட்டை வெல்டிங் வைத்துத்தான் எடுக்க வேண்டும். அரை மணி நேர வேலை அரை நாள் வேலையாகும். கிராஞ்சியில் என்னிடம் வருகிறவை பெரும்பாலும் கூலித் தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரிக்கு ஆள் ஏற்றிப் போகும் லாரிகள். மாலையில் வண்டி வராவிட்டால் ஆட்கள் ரோட்டோரத்தில் காத்துக் கிடப்பார்கள். டிரைவர் போன் போட்டுத் திட்டுவார். திட்டு எனக்கு, ஸ்பானருக்கு இல்லை.

ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவேன். மச்சான் முகம் சுளிக்கவே மாட்டார். பழையதை வாங்கி வாளியில் போட்டுவிட்டுச் சுவரிலிருந்து புதியதை எடுத்துக் கொடுப்பார்.

"பாத்தீங்களா, ஒரு கேள்வி கேட்டேனா?"

"மச்சான், மாத்தி மாத்திக் கொடுத்தா சரியாயிடுமா? எனக்கு உடையாத சாமான் வேணும்."

"உடையாத சாமான் எங்க இருக்கு லா இந்தக் காலத்துல."

"என்கிட்ட இருந்துச்சு."

அவர் வேறு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். அவர் போன பிறகு அந்த வாளியைப் பார்த்தேன். நான் கொண்டுவந்தது மட்டும் இல்லை, அதே மாதிரி வாய் விரிந்தவை, பூச்சு உரிந்தவை வாளி நிறையக் கிடந்தன. எத்தனையோ பேர் என்னைப் போலவே பையோடு வந்து போயிருக்கிறார்கள். முன்பெல்லாம் கம்பெனிக்காரன் தன் சாமான் உடையாது என்ற தைரியத்தில் வாரண்டி கொடுத்தான். இப்போது நல்லதாக ஒன்று செய்வதைவிட மட்டமாக மூன்று செய்து மாற்றிக் கொடுப்பது மலிவு என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறான். எனக்கு அது அன்றைக்குப் புரிந்தது. புரிந்தும் புதுசை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வேறு சாமான் கையில் இல்லை.

ராட்செட் மட்டும் அதுவரை ஒழுங்காக இருந்தது.

ஒரு லாரியின் கியர்பாக்ஸை இறக்கி வேலை செய்துவிட்டுத் திரும்ப ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி மேல் போல்ட்டை முடுக்கினேன். துருவேறி இறுகிப்போன போல்ட் இல்லை. குழாய் எதுவும் போடவில்லை. எல்லாரும் தினமும் செய்கிற வேலை. கடைசி இழுப்புக்கு முழு பலம் கொடுத்தபோது ராட்செட் உள்ளே 'டப்' என்று பிடி விட்டது. என் கை என் பலத்தோடேயே போய் சைலன்சரைத் தாங்கும் தகட்டின் ஓரத்தில் மோதியது. வலி உடனே தெரியவில்லை. கையுறை சூடாகிற மாதிரி இருந்தது. கழற்றிப் பார்த்தபோது மோதிர விரலும் சுண்டு விரலும் நான் சொன்னபடி கேட்கவில்லை.

பக்கத்து ஒர்க்ஷாப் சீனர் தன் வேனில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். தசைநார் அறுந்திருந்தது. ஆபரேஷன் செய்து தைத்தார்கள். மடக்க வரும், ஆனால் பழையபடி முழுசாக வராது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் என் கையை மறுபடி பார்த்தார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மச்சான் வந்தார். என் கையிலிருந்த கட்டைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கியது. அது நடிப்பு இல்லை. தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுனாலும் சொல்லு, நான் இருக்கேன்," என்றார். டீ குடித்தார். கிளம்பும்போதுதான் தான் கொண்டுவந்த பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். புது ராட்செட்.

"உடைஞ்சதை உங்க ஆளை ஒர்க்ஷாப்லேர்ந்து எடுத்துட்டு வரச் சொன்னேன். கம்பெனியில காட்டினேன். இறுகிப்போன போல்ட்டுக்கு யூஸ் பண்ணியிருப்பாரு, அது தப்புன்னாங்க. நான் விடலை. சண்டை போட்டு மாத்தி வாங்கிட்டேன்."

"இறுகிப்போன போல்ட் இல்லை மச்சான். முடுக்கிக்கிட்டுத்தான் இருந்தேன்."

"எனக்குத் தெரியும் லா. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நமக்கென்ன, புதுசு வந்துடுச்சுல்ல."

என் மனைவி அந்தப் பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் உண்மையாகவே எனக்கு ஒரு நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு கிளம்பிப் போனார். விரலுக்கு என்ன வாரண்டி என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும். அப்போது தோன்றவில்லை. தோன்றியபோது அவர் லிஃப்டில் இறங்கியிருப்பார்.

அதன் பிறகு பல மாதம் வீட்டில் இருந்தேன். காலையில் பிசியோவுக்குப் போவேன், ஒரு ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒர்க்ஷாப்பில் எனக்கிருந்த ஒரே ஆளால் தனியாகச் சமாளிக்க முடியவில்லை. வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்து ஒர்க்ஷாப்புகளுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. வண்டி ஓடியாக வேண்டும். கடைசியில் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த நாட்களில் கைபேசியில் பழைய சாமான் வாங்கி விற்கிற ஒரு ஆப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது வழக்கமாகிவிட்டது. பொழுது போக வேண்டுமே. சைக்கிள், மீன் தொட்டி, யாரோ விளையாடி முடித்த பொம்மை எல்லாம் பார்ப்பேன். ஒருநாள் என் பழைய பிராண்டின் பெயரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்த படத்தைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சாம்பல் நிற ராட்செட். கைப்பிடியின் கழுத்தில் பச்சைப் பெயிண்டில் ஒரு வளையம்.

சம்பளத்துக்கு இருந்த ஒர்க்ஷாப்பில் ஆளாளுக்குச் சாமான் கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொருவரும் ஒரு நிறம் பூசிக்கொள்வோம். என் நிறம் பச்சை. பச்சை பூசுகிறவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் அடுத்த படத்தில் ஒரு ரிங் ஸ்பானர் இருந்தது. அதன் ஒரு பக்கத்தை, ஒரு குறிப்பிட்ட லாரியின் இடுக்கில் நுழைவதற்காக, நான்தான் கிரைண்டரில் வைத்துத் தேய்த்துச் சப்பையாக்கினேன். என் கையெழுத்தை நான் அறிவேன் என்பது போல அந்தத் தேய்ப்பை அறிவேன்.

கீழே ஆங்கிலத்தில் விவரம் எழுதியிருந்தது. அசல் ஐரோப்பிய இரும்பு. இந்தத் தரம் இனி கிடைக்காது. இதே பெயரில் இப்போது வருபவற்றை வாங்கி ஏமாற வேண்டாம், அவை வேறு எங்கோ செய்த மட்டமான சரக்கு. தெரிந்தவர்களுக்கு மட்டும்.

பலமுறை படித்தேன். எழுதியவரின் பெயர் ஏதோ ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்தது. நேரில் வாங்கும் இடம் பூன் லே எம்ஆர்டி ரயில் நிலையம். மச்சானின் வீடு பூன் லேயில்.

என் மனைவியிடம் எதுவும் சொல்லவில்லை. வேறு பெயரில் கணக்கு ஒன்று தொடங்கி, ராட்செட் வேண்டும் என்று செய்தி அனுப்பினேன். விலை பேசவில்லை. சனிக்கிழமை மாலை கட்டணக் கதவுக்கு வெளியே வரச் சொல்லிப் பதில் வந்தது.

மார்சிலிங்கிலிருந்து பூன் லேக்குப் போகும்வரை ரயிலில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். வருவது வேறு யாராவதாக இருக்க வேண்டும். பழைய இரும்புக்காரர் யாரோ கம்பெனியிடமிருந்து வாங்கியிருக்கலாம், பூன் லேயில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டேன். இறங்கி வெளியே வந்தபோது, சிவப்புப் பிளாஸ்டிக் பையை ஆட்டியபடி மச்சான் நின்றிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சிரித்தார். தற்செயலாக வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"என்ன மாப்ள, இந்தப் பக்கம்? வீட்டுக்கா? ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"ராட்செட் வாங்க வந்தேன்," என்றேன்.

சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. பையைப் பின்னால் கொண்டுபோகப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். ஆட்கள் எங்கள் இரண்டு பக்கமும் அட்டையைத் தட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள்.

"கம்பெனி பழசை எடுத்துக்கலை மாப்ள," என்றார். "உருக்குறோம்னு சொன்னாங்க, அப்புறம் வேணாம்னுட்டாங்க. ஸ்டோர்லயே கிடந்துச்சு. உங்களுது மட்டும் இல்லை, எல்லாரோடதும்."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலையே."

"உருக்கிடுவாங்கன்னு நீங்க சொன்னதுக்கு அப்புறம் நான் என்னத்தைக் கேக்கறது?"

அவர் பையைக் கை மாற்றிப் பிடித்தார்.

"நான் உரிஞ்ச சாக்கெட்டையும் விரிஞ்ச ஸ்பானரையும் தூக்கிட்டு உங்க கடைக்கு நடந்தேனே. அப்பல்லாம் என் சாமான் உங்க ஸ்டோர்லதான் இருந்துச்சா?"

"கொஞ்சம் இருந்துச்சு. கொஞ்சம் வித்துப் போச்சு."

"யாருக்கு?"

"இதைச் சேத்து வைக்கிறவங்க இருக்காங்க லா. ஒருத்தர் கண்ணாடி அலமாரியில அடுக்கி லைட் போட்டு வெச்சிருக்காரு. போட்டோகூட அனுப்பினாரு." அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று அவருக்கே உடனே தெரிந்தது. தரையைப் பார்த்தார்.

நான் வாதாட வரவில்லை. ஆனால் ஒன்றைக் கேட்காமல் திரும்ப முடியவில்லை. "இரும்பு அதே இரும்புதான்னு என் வீட்டுல உக்காந்து சொன்னீங்க. ஆப்புல மட்டமான சரக்கு, ஏமாறாதீங்கன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல எது பொய் மச்சான்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை, களைத்துப்போன முகம்.

"ரெண்டும் வியாபாரம் மாப்ள. கடை வாடகை என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? நல்ல சாமானா வெச்சா ஒருத்தன் வாழ்நாள்ல ஒரு தடவைதான் வருவான். அப்புறம் நான் யாருக்கு விக்கிறது?" பையை நீட்டினார். "எடுத்துக்குங்க. உங்களுதுதானே. காசு வேணாம்."

ஆப்பில் போட்டிருந்த விலையை எண்ணி அவர் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டேன். அவர் தடுத்தார். நான் விடவில்லை. என் சாமானை அவர் எனக்குத் தானமாகக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. வந்த வழியே உள்ளே போய் ரயில் ஏறினேன்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி நான் முடிக்கும்வரை கேட்டாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் செய்தாள். அவள் குரல் உயர்ந்தது கேட்டது. பிறகு தணிந்தது. பிறகு அழுகை. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"அவரு செஞ்சது தப்புதான்," என்றாள். "ஆனா உங்க கைக்கு இப்படி ஆகும்னு நினைச்சு செய்யலை."

"நினைச்சு செஞ்சாருன்னு நான் சொல்லவே இல்லையே."

"உங்க முகம் சொல்லுது."

சொல்லியிருக்கலாம். அவர் என் கையை உடைக்கத் திட்டம் போட்டார் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த ராட்செட் யாராவது ஒருவன் கையில் பிடி விடும் என்பது அவருக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒருவன் யாராக இருந்தாலும் அவருக்குப் பரவாயில்லை என்று இருந்தது. நானாகிப்போனதில் அவருக்கு உண்மையாகவே வருத்தம்.

கை ஓரளவு தேறியதும் வேறொருவர் ஒர்க்ஷாப்பில் சேர்ந்தேன். வண்டிக்கு அடியில் படுக்கிற வேலை இல்லை. வருகிற லாரிகளைப் பார்த்து என்ன கோளாறு என்று எழுதிக் கொடுப்பது, சின்னச் சின்ன வேலைகள் செய்வது. முதல் வாரமே அந்தப் பழைய ராட்செட்டைக் கொண்டுபோனேன். கைப்பிடி மெலிசான வெறும் இரும்பு. இரண்டு விரல் முழுசாக மடங்காத கையால் அதை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. எண்ணெய்ப் பிசுக்கில் உருவிக்கொண்டு வந்தது. ராட்செட்டில் ஒரு குற்றமும் இல்லை. பிடிக்கக் கைதான் இல்லை. அங்கே வேலை செய்கிற ஒருவர் தன்னுடையதைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். தைவானில் செய்தது, நான் கேள்விப்படாத பெயர், தடித்த ரப்பர் பிடி, பொடிப் பல். நாள் முழுக்க வைத்து வேலை செய்தேன். ஆடவில்லை, வழுக்கவில்லை. புதுசிலும் இப்படிச் செய்ய முடிகிறது. செய்ய மனம் இருந்தால் எந்தக் காலத்திலும் செய்யலாம். அதை அறிந்தபோது சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் அதே மாதிரி ஒன்று வாங்கிக்கொண்டேன். பழையதை வீட்டில் வைத்துவிட்டேன். கதவுப் பிடி லூசாகும்போது என் மனைவி அதைத்தான் எடுக்கிறாள்.

இந்தத் தீபாவளிக்கு முன்னால் தேக்காவில் சாமான் வாங்கப் போனோம். சிராங்கூன் ரோடு முழுக்க கூட்டம். அண்ணன் கடையில் தலையைக் காட்டிவிட்டு வரலாம், நாள் நெருங்கிவிட்டது, இப்படியே இருந்தால் நன்றாக இருக்காது என்று என் மனைவி கேட்டாள். போனோம்.

மச்சான் கவுண்டருக்குப் பின்னால் இருந்தார். முன்னால் ஒரு வாடிக்கையாளர், என் வயதுதான் இருக்கும். துவாஸ் பக்கம் ஒர்க்ஷாப் வைத்திருக்கிறாராம். அந்தப் பளபளக்கும் பெட்டி திறந்து கிடந்தது. என்னைக் கண்டதும் மச்சான் முகத்தில் நிஜமான சந்தோஷம். தங்கையையும் என்னையும் ஒன்றாகக் கடையில் பார்த்த சந்தோஷமாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் வாய் பழக்கத்தில் பேசிவிட்டது.

"சரியான நேரத்துக்கு வந்தீங்க மாப்ள. அண்ணே, இவரு என் தங்கச்சி வீட்டுக்காரரு. லாரி மெக்கானிக். நம்ம பிராண்ட்தான் எத்தனையோ வருஷமா யூஸ் பண்றாரு. நீங்களே கேளுங்க."

அந்த மனிதர் என் பக்கம் திரும்பினார். "எப்படிங்க இருக்கு? தாங்குமா?"

என் மனைவி என் முழங்கையை லேசாகத் தொட்டாள்.

"நான் யூஸ் பண்ணினேன்," என்றேன். "ஸ்பானர் வாய் விரியும். நட்டு மழுங்கும். ராட்செட் பிடி விடும். எனக்கு விட்டுச்சு." கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டினேன். மடங்கின வரைக்கும். "பேரைப் பாத்து வாங்காதீங்க."

அவர் என் கையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்தார். பெட்டியை மெதுவாக மூடினார். "யோசிச்சுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

வெளியே சந்தில் ஒரு லாரி பின்னால் வரும் சத்தம் மட்டும் கேட்டது.

"இப்ப திருப்தியா?" என்றார் மச்சான், மெல்லிய குரலில்.

"இல்லை," என்றேன். பொய் சொல்லவில்லை. இதைச் சொன்னால் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிடும் என்று பல மாதமாக நினைத்திருந்தேன். இறங்கவில்லை. எதிரே ஒரு வயதாகிவரும் மனிதர், கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, விற்காத பெட்டியை மறுபடி அலமாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

பஸ் நிறுத்தம்வரை என் மனைவி எனக்கு முன்னால் நடந்தாள். பஸ் வந்து உட்கார்ந்த பிறகு, பைகளை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "நீங்க சொன்னதுல எதுவும் தப்பு இல்லை. ஆனா அவரை அவரோட கடையில நிக்கவெச்சு சொல்லிட்டீங்க."

"அவரு என்னை அங்க நிக்கவெச்சுக் கேட்டாரு."

"தெரியும்," என்றாள்.

தீபாவளியன்று காலை அவள் மட்டும் பலகாரப் பாத்திரத்தோடு பூன் லேக்குப் போய்வந்தாள். என்னை வரச் சொல்லவில்லை. அண்ணன் என்ன சொன்னார் என்று நானும் கேட்கவில்லை. சாயங்காலம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அண்ணி கொடுத்துவிட்ட முறுக்கை ஒரு தட்டில் போட்டு எனக்கு எதிரே வைத்தாள். நான் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. கீழே பிள்ளைகள் மத்தாப்பு கொளுத்திக்கொண்டிருந்தார்கள்.